எட்டு ஏக்கர் தோப்பா, நாலு தையல் மிஷின் ஓடும் வீடா?

நாய்களை மீட்டுத் தத்துக் கொடுக்கிற எங்கள் குழுவிடம் வெள்ளையனைக் கேட்டு ஐந்து இடங்களிலிருந்து ஆள் வந்தார்கள். மூன்று வயது ராஜபாளையம் நாய், ஆண், தோள் உயரம் 70 சென்டிமீட்டர், இப்போது எடை 31 கிலோ. சூலூர் பைபாஸ் ஓரத்தில் கிடைத்தபோது 19 கிலோதான். கழுத்தைச் சுற்றிலும் சங்கிலி அறுத்த புண், காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி. உண்ணிக் காய்ச்சலுக்கு 28 நாள் மாத்திரை, சொறிக்கு மருந்து, தடுப்பூசிகள், கருத்தடை என்று நான்கு மாதம் எங்கள் மொட்டைமாடி அறையில் ஓடிவிட்டது. இனி அவனுக்கென்று ஒரு வீடு வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அவனுக்குக் காது கேட்காது. வந்த இரண்டாவது வாரம், தூங்கிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் என் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு நழுவி விழுந்தது. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இவன் இமைகூட அசைக்கவில்லை. தீபாவளியன்று தெருநாய்கள் எல்லாம் கார்களுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்க, இவன் மாடிக் கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு புஸ்வாணத்தை வேடிக்கை பார்த்தான். வெள்ளையன் என்ற பெயரே எங்கள் வசதிக்குத்தான், அவனுக்கு அது தெரியாது.

ராஜபாளையத்தில் பால்வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் சிலவற்றுக்கு இப்படி ஆவதுண்டு. தோலுக்கு நிறம் தருகிற அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் பட்டுப்போகும். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் பெருமைக்காகக் குட்டி வாங்குகிறார்கள். காவலுக்கு ஆகாது என்று தெரிந்ததும் பைபாஸில் இறக்கிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

சரி, வந்த இடங்களுக்கு வருகிறேன். பெரிய நாய் என்றதும் பத்தில் ஒன்பது பேர் சொல்வது ஒன்றுதான்: “தோட்டத்துல விட்டுருங்க, ஓடி ஆடிட்டு இருக்கும்.” கிணத்துக்கடவுப் பக்கமிருந்து வந்தவருக்கு எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு. நல்ல மனிதர். வரும்போதே ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொன்னார். அந்தப் பதில்கள்தான் என்னை யோசிக்க வைத்தன.

நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: “பகல் ரெண்டு மணிக்கு நாய் எங்க இருக்கும்? பக்கத்துல யாரு இருப்பாங்க?” அவர் சொன்னார், “பகல்ல மோட்டார் ரூமுகிட்ட கட்டிருவோம்ங்க, ஆடு கோழியெல்லாம் மேயுதுல்ல. ராத்திரி அவுத்து உட்டுருவோம். நாய்க்கு என்னங்க, அதுபாட்டுக்குக் கெடக்கும்.” குடும்பம் குடியிருப்பது ஊருக்குள். தோப்பில் இரவில் யாரும் இல்லை. கறவைக்கு வருகிற ஆள் காலையிலும் மாலையிலும் சோறு வைப்பார்.

அப்படியானால் எட்டு ஏக்கரில் நாய்க்குக் கிடைப்பது பகலில் சங்கிலி நீளம், இரவில் ஆளில்லாத இருட்டு. இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு லேப்ரடார் கலப்பின நாயைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக இருக்கும் என்று நான்கு மாதம் போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டேன். போனபோது மாட்டுக்கொட்டகைத் தூணில் நாலடிச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அது நடந்து நடந்து தரையில் அரைவட்டமாகக் குழி விழுந்திருந்தது. கொடுமைப்படுத்தவில்லை, சோறு தவறாமல் வைத்திருக்கிறார்கள். “நாயைக் கட்டித்தானே வளப்பாங்க” என்றார் அந்த வீட்டுப் பெரியவர். நியாயமில்லாத அளவு குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே இருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றங்கள்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சங்கிலியின் விலையே அதைவிட அதிகம்.

அவிழ்த்துவிட்டால் மட்டும் என்ன? ராஜபாளையம் பன்றி வேட்டைக்கு வளர்த்த இனம். கண்ணெதிரே கோழி ஓடினால் துரத்தும், துரத்தினால் பிடிக்கும். பக்கத்துத் தோட்டத்து ஆட்டைக் கடித்தால் பஞ்சாயத்து, இரண்டாம் தடவை கடித்தால் விஷம் வைத்த கறி. மலையடிவாரத்துப் பக்கம் போனால் காட்டுப்பன்றிக்கு என்று திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலி இருக்கிறது, கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காய் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. காது கேட்கிற நாயைக் கூப்பிட்டு நிறுத்திவிடலாம். இவன் ஓட ஆரம்பித்துவிட்டால் அவனாகத் திரும்பிப் பார்த்தால்தான் உண்டு.

தோட்டமே கூடாது என்று சொல்லவில்லை. பல்லடம் பக்கம் ஒரு கோம்பைக் கலப்பின நாய் இருக்கிறது, நாங்கள் கொடுத்ததுதான். தோட்டத்துச் சாளையிலேயே, அதாவது தோட்ட வீட்டிலேயே, குடும்பம் குடியிருக்கிறது, ஆத்தா திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார், நாய் அவர் காலடியில் கிடக்கும். அந்த வீட்டுக்கு இணையாக டவுனில் எனக்கு ஒரு வீடும் தெரியாது. ஆனால் அந்த நாய் நன்றாக இருப்பதற்கு ஆத்தாதான் காரணம், ஏக்கர் இல்லை.

அடுத்து அப்பார்ட்மென்ட். சரவணம்பட்டியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, கணவன் மனைவி இருவரும் ஐடி. கேட்டதுமே எங்கள் குழுவில் ஒருவர் “மாடி வீட்டுல இவ்ளோ பெரிய நாயா?” என்றார். அந்த ஆட்சேபத்தில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வேட்டைநாய் இனங்கள் வளர்ந்த பிறகு பகல் முழுக்க எருமை மாதிரித் தூங்கும். எங்கள் மொட்டைமாடி 900 சதுர அடி. அதில் அவன் ஓடுவதைப் பார்த்ததே அபூர்வம், இருக்கிற நிழலில் கதவை ஒட்டிப் படுத்துக்கொள்வான். காலையும் மாலையும் 40 நிமிடம் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போகிற ஆள் இருந்தால் 800 சதுர அடி வீடு தாராளம். அசோசியேஷன் பிரச்சினை பண்ணினால், நாயின் அளவைக் காரணம் காட்டித் தடை போடக் கூடாது, லிஃப்ட்டில் ஏற்றக் கூடாதென்று சொல்லக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட சுற்றறிக்கையைக் காட்டலாம். அதைக் காட்டிவிட்டு அதே லிஃப்ட்டில் பத்து வருடம் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்பது வேறு கதை.

வந்த ஐந்து பேரில் நாயைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் இவர்கள்தான். காது கேட்காத நாய்க்குக் கைச்சைகை பழக்குவது, இருட்டில் விளக்கை அணைத்துப் போட்டுக் கூப்பிடுவது எல்லாம் படித்துவிட்டே வந்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் அவர்கள் ஆபீஸ் போகிறார்கள், அன்றைக்கு மட்டும் பகலில் மாமியார் இருப்பார். ஒரே சிக்கல், அவர்களுக்கு இரண்டு வயதுப் பையன்.

தூங்குகிற நாயைத் திடீரென்று தொட்டால் எந்த நாயும் திடுக்கிடும். காது கேட்கிற நாய்க்குக் காலடிச் சத்தம் முன்கூட்டியே தெரிந்துவிடும். வெள்ளையனுக்குத் தெரியாது. நாங்கள் எழுப்பும்போது முதலில் மூக்கெதிரே கையை வைப்போம், அப்புறம் தோளில் ஒரே இடத்தில் தொடுவோம். அப்படியும் ஆரம்பத்தில் இரண்டு தடவை பல்லைக் காட்டிக்கொண்டுதான் எழுந்தான், என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான். பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டு வயதுக் குழந்தை குனிந்து தொட்டால் அதன் முகம், படுத்திருக்கும் இவன் வாய்க்கு நேரே இருக்கும். குழந்தைக்கு ஏழெட்டு வயதாகியிருந்தால் யோசிக்காமல் கொடுத்திருப்பேன். அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “நீங்க சொல்றது சரிங்க” என்றார். காது கேட்கிற, நிதானமான பெரிய நாய் ஒன்று வந்தால் முதலில் அவர்களுக்குத்தான் போன் போடுவேன்.

தனி வீட்டுக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஓய்வுபெற்ற தம்பதி, சுற்றுச்சுவர், போர்ட்டிகோ. விண்ணப்பத்தில் எழுதிப் பார்த்தால் முதல் மதிப்பெண் அவர்களுக்குத்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு பொமரேனியன் இருக்கிறது, இவன் கண்ணுக்கு அது வெள்ளை முயல். ஐந்தடிச் சுவரை இவன் நின்ற இடத்திலிருந்து தாவிவிடுவான். இரண்டுக்கும் வழி இருக்கிறது, நாய்களைப் பிரித்து வைக்கலாம், சுவர்மேல் கம்பிவலை போடலாம். ஆனால் அவருக்கு 71 வயது. கயிற்றைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். எதிரே ஒரு பூனை போனது. நான் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் அவருக்கு இடுப்பெலும்பு போயிருக்கும். பெரிய நாயைக் கேட்டு வருகிற எல்லோரையும் ஒரு தடவை கயிற்றைப் பிடித்து நடக்க வைத்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.

மில்லுக்குக் காவலுக்குக் கேட்டு வந்தவரிடம் காது கேட்காது என்று சொன்னேன். டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

யாரும் கேட்காமலே இருக்கிற வழிகளும் உண்டு. ஒன்று காப்பகம். சென்னையில் புளூ கிராஸ் 1959-லிருந்து இருக்கிறது. நல்லெண்ணத்தோடு நடக்கிற காப்பகங்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கின்றன. இடம்தான் இல்லை. அங்கே குட்டிகளும் சின்ன நாய்களும் தத்துப் போய்விடும், பெரிய நாய் வயதாகிறவரை அங்கேயே கிடக்கும். நாற்பது நாய்களுக்கு நடுவே இவனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மற்ற நாய் உறுமி எச்சரிப்பது இவனுக்குக் கேட்காது, நேராகப் போய் முகத்தை நீட்டிக் கடி வாங்குவான். அப்படியும், ஆளில்லாத தோப்பில் சங்கிலியா காப்பகமா என்று கேட்டால் நான் காப்பகம் என்றுதான் சொல்வேன். அங்கே தினமும் ஒரு மனிதன் அவனைப் பார்க்கிறான், நொண்டினால் டாக்டரிடம் காட்டுகிறான்.

கருத்தடை செய்து கிடைத்த இடத்திலேயே விடலாமே என்றும் ஒருவர் கேட்டார். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் பிடித்த இடத்திலேயே விடச் சொல்வது தெருநாய்களை. அவற்றுக்குத் தெரு சொந்த ஊர், எங்கே தண்ணீர், எந்த வீட்டில் சோறு என்று தெரியும். லாரி ஹாரன் கேட்காத வீட்டு நாயை பைபாஸில் விடுவதற்கு நான்கு மாதம் மருந்து கொடுத்திருக்கவே வேண்டாம்.

இன்னொரு வழி, நானே வைத்துக்கொள்வது. ஆசை இல்லாமல் இல்லை. ஏற்கெனவே எனக்கு இரண்டு கிழ நாய்கள். எனக்கிருப்பது ஒரே ஒரு மாடி அறை. அதில் இவன் நிரந்தரமாகிவிட்டால் அடுத்து வருகிறதற்கு அறை இல்லை. இப்படி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு, கடைசியில் மீட்பு வேலையையே விட்டவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கடைசியாக வந்தது திருப்பூர். 15 வேலம்பாளையம் என்கிற பகுதியில் ஒரு வாடகை வீடு. கணவனும் மனைவியும் வீட்டு முன்பக்கம் சிமெண்ட் ஷீட் போட்டு, இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர் என்று நாலு மிஷின் வைத்து பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்கள். பையன் எட்டாவது படிக்கிறான். முன்பு வளர்த்த நாட்டுநாய் பதினான்கு வயதில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் போட்டோவை போனில் காட்டினார்கள், கட்டிலில் போர்வை போர்த்திப் படுத்திருந்தது.

எங்கள் தத்துப் படிவத்தில் “சொந்த வீடா?” என்று ஒரு கேள்வி. “காம்பவுண்ட் உண்டா?” என்று ஒன்று. “மாத வருமானம்?” என்று ஒன்று. மூன்றிலும் இவர்கள் அவுட். அந்தப் படிவத்தை எழுதியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. வாடகை வீட்டைப் பற்றிய பயம் பொய்யில்லை. வீடு மாறும்போது கைவிடப்பட்ட நாய்கள் நிறைய வருகின்றன, வாரியத்தின் சுற்றறிக்கையைக் காட்டி வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்கவும் முடியாது. ஆனால் சொந்த பங்களாக்காரர்கள் விட்ட நாய்களையும் நான் சுமந்திருக்கிறேன். சொந்த வீடா என்று கேட்பதைவிட, இதற்கு முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று என்று கேட்பது அதிகம் சொல்லும்.

பகல் இரண்டு மணிக் கேள்வியைக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. “நாங்க எங்கக்கா போகப் போறோம்? காலைல எட்டுலருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் மிஷின்லதான் இருப்போம்.” காது கேட்காது என்பதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “மிஷின் ஓடறப்ப எங்களுக்கே கேக்காதுங்கக்கா. கையக் காட்டித்தான் பேசிக்குவோம்.”

உண்மையிலேயே அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நான் போன அன்றைக்குப் பார்த்தேன். இரண்டு விரலைக் காட்டினால் நூல்கண்டு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து, தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினால் திரும்பிப் பார். நாங்கள் நான்கு மாதம் வெள்ளையனுக்குப் பழக்கிய சைகைகளில் பாதி அங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது.

குறைகளும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே பெரிய நாயை வைக்க முடியாது. உள்ளே கான்கிரீட் போட்ட அறை இருக்கிறது, பதினோரு மணியிலிருந்து நாலு மணிவரை அங்கேதான் என்று பேசிக்கொண்டோம். வெள்ளை நாய்க்கு மூக்கும் காதுமடலும் வெயிலில் கருகும், ஆகவே நடை விடியற்காலையிலும் இருட்டிய பிறகும். துணி வெட்டுத் துண்டு, நூல் சிலும்பு இரண்டும் மோசம். நூலை விழுங்கினால் குடலைச் சுருக்கிவிடும், ஆபரேஷன் வரை போகும். இதைச் சொன்னபோது கணவர் முகம் மாறியது. மறுநாளே மிஷின்களுக்குக் கீழே சாக்கு கட்டிப் போட்டோ அனுப்பினார், நூலெல்லாம் அதில் விழும்படி.

செலவைப் பற்றி நேரடியாகவே பேசினேன். எங்கள் வீட்டில் இவனுக்கு மாதம் 3,500 ரூபாய் ஆனது. அரிசி, கோழித்தலை, கழுத்து, முட்டை, கொஞ்சம் காய். வேகவைத்த எலும்பு குத்தும், அதை எடுத்துவிட்டுப் பிசைய வேண்டும். சாப்பாடு அவர்கள் பொறுப்பு, முதல் வருட ஊசியும் மருத்துவமும் எங்கள் குழுவுடையது என்று முடிவானது. அவர்கள் கேட்கவில்லை, நாங்களாகச் சொன்னது. பங்களாவுக்குக் கொடுத்திருந்தால் இந்தச் செலவு எங்களுக்கு இல்லை, அதுவும் உண்மை.

வீட்டுச் சொந்தக்காரரை நானே போய்ப் பார்த்தேன். இதில் மட்டும் போன் பேச்சு போதாது. “கடிச்சா யாருங்க பொறுப்பு?” என்றார். நியாயமான கேள்வி. ஊசி போட்ட புத்தகத்தைக் காட்டினேன். வெளியே போகும்போது வாய்க்கூடு போடுவோம் என்றேன். அவர் வாசலுக்கு வந்து வெள்ளையனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “குலைக்குமா?” என்றார். எப்போதாவது குலைப்பான், தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் பயங்கரமாகவே இருக்கும் என்றேன். “அப்ப திருடன் வரமாட்டான், இருக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தத்தில் மற்றதெல்லாம் வழக்கமானவை. ஒரு வரி மட்டும் பேனாவால் சேர்த்தோம்: வீடு மாறினாலும், கஷ்டம் வந்தாலும், பிடிக்காவிட்டாலும் நாயை வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், காரணம் கேட்க மாட்டோம். அந்தக் கடைசி மூன்று வார்த்தை முக்கியம். திட்டு விழும் என்று பயந்துதான் பலர் சொல்லாமல் எங்கேயாவது விட்டுவிடுகிறார்கள்.

மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு என்று மீட்பு வேலையில் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் வெள்ளையன் சோறே தொடவில்லை. அந்தப் பெண் தினம் இரண்டு தடவை போன் செய்தார். நாலாம் நாள் தயிர்சோறு. இரண்டாம் வாரம் தைக்க வந்த காலர் கட்டு ஒன்றை முழுக்க நாசம் பண்ணினான், கம்பெனியில் கூலியில் பணம் பிடித்தார்கள். திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். “வெச்ச எடம் எங்க தப்புங்கக்கா” என்றார் கணவர்.

மூன்றாவது வாரம் சொல்லாமல் போனேன், இரண்டு மணிக்கு. வெயில் இல்லாத மார்கழி நாள், அதனால் முன்பக்கத்திலேயே இருந்தான். மற்ற மூன்று மிஷினை விட்டுவிட்டு ஒரு ஓவர்லாக்கின் இரும்புக் காலில் கன்னத்தை ஒட்டவைத்துப் படுத்திருந்தான். மிஷின் அதிரும்போது அவன் காதுமடலும் கூடவே அதிர்ந்தது. வந்ததிலிருந்து அந்த இடம்தான் என்றார்கள். நான் கைகாட்டிக் கூப்பிட்டேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான், வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான், எழுந்து வரவில்லை.

“கரண்டு போனா மட்டும் டக்குனு எந்திரிச்சுக்குவான்க்கா” என்றார் அந்தப் பெண். “எந்திரிச்சு எங்க மூணு பேரு மூஞ்சியவும் ஒரு சுத்துப் பாத்துட்டு, மறுபடி மிஷின் ஓடற வரைக்கும் நின்னுட்டே இருப்பான்.”